எலுமிச்சம்பழமும் இன்டர்நெட்டும்

காஞ்சிபுரத்தில் ஆயுத பூஜையன்று கடைத்தெரு வழியாய் நடந்து போகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்திருக்கலாம். தறிக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு என்பது பழைய சங்கதி. இப்பொழுது கம்ப்யூட்டருக்குச் சந்தனம், பிரிண்டருக்குக் குங்குமம், இன்டர்நெட் பெட்டிக்கு மாலை, செல்போனுக்கு விபூதிப் பட்டை என்று காரியம் வளர்ந்திருக்கிறது.

நமது ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் இன்டர்நெட் பெட்டியின் தலையில் எலுமிச்சம்பழத்தை இரண்டாய் அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார்கள். சாறு வடிந்து பெட்டிக்குள் இறங்கிற்று. பெட்டி செத்துப்போயிற்று. கடைக்காரர் உடனே சரஸ்வதியைக் கூப்பிட்டாரா? இல்லை. பழுது பார்க்கும் பையனைத்தான் போனில் கூப்பிட்டார். பையன் வந்து திறந்து பார்த்து, இது இனி உதவாது என்று சொல்லி, வேறு பெட்டி மாட்டிக் கூலி வாங்கிக்கொண்டு போனான். பூஜை செய்து தட்சணை வாங்கினவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆக, மரியாதை சரஸ்வதிக்கு, வேலை பையனுக்கு! அடுத்த வருஷமாவது அந்தப் பையன் கழுத்தில் ஒரு மாலை போடுவார்களா என்றால், மறுபடியும் எலுமிச்சம்பழம்தான் வாங்குவார்கள்.

இந்தச் சிறு சங்கதியை ஏன் சொல்லுகிறோம்? நமது மக்கள் கருவியை வாங்கிவிட்டார்களே ஒழிய, அந்தக் கருவியைப் பெற்றெடுத்த புத்தியை வாங்கவில்லை என்பதைக் காட்டுவதற்காகத்தான். செல்போனும் இன்டர்நெட்டும் "ஏன்? எப்படி?" என்று கேட்டவர்கள் செய்தவை. "ஏன், எப்படி என்று கேட்காதே" என்று 2,000 வருஷமாய்ப் பழக்கப்பட்டவர்கள் கையில் அவை வந்து சேர்ந்திருக்கின்றன. இந்தப் பொருத்தமில்லாத கல்யாணத்தினால் விளையும் கேடுகளை நாம் தினமும் பார்க்கிறோம்.

நமது ஊர் டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் பஸ் நிற்கும் இடத்திலும் இன்டர்நெட்டைப்பற்றி வழங்கும் அபிப்பிராயங்களைக் கூட்டிப் பார்த்தால் நான்கில் அடங்கும். 1. இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்பொழுதே தெரியும். 2. போனில் வந்துவிட்டது, பொய்யாய் இருக்குமா? 3. பெண் பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் குடும்பம் கெட்டது. 4. சும்மா கொடுக்கிறான், நமக்கென்ன நஷ்டம்? இந்த நான்கின் யோக்கியதையையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

சஞ்சயன் கண்ட இன்டர்நெட்

2018 ஏப்ரலில், அப்பொழுது திரிபுரா முதல் மந்திரியாயிருந்த பிப்லப் குமார் தேவ் என்பவர், மகாபாரத காலத்திலேயே இன்டர்நெட் இருந்தது, இல்லாவிட்டால் சஞ்சயன் யுத்தத்தை எப்படித் திருதராஷ்டிரனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க முடியும் என்று கூட்டத்தில் பேசினார். நம் ஊர்த் திண்ணைகளில் இருப்பவர்களும் அதையேதான் சொல்லுகிறார்கள். மந்திரிக்கும் திண்ணைக்கும் வித்தியாசம் சம்பளத்தில் மாத்திரம்தான்.

நாம் கேட்கிறோம்: இன்டர்நெட் இருந்ததென்றால் கம்பி எங்கே? மின்சாரம் எங்கே? அதைச் செய்த தொழிலாளி எந்தத் தெருவில் இருந்தான்? அவன் என்ன சாதி? குருட்டு ராஜாவுக்கு யுத்தத்தைச் சொல்ல ஒருவனுக்கு ஞானக்கண் கிடைத்ததாம்; அந்த ராஜாவின் சொந்தக் கண்ணைத் திறக்க ஒரு வைத்தியன் கிடைக்கவில்லையாம்! இவ்வளவு பெரிய விஞ்ஞானம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் அம்மைக்கும் காலராவுக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டு செத்தது ஏன்?

உண்மைச் சரித்திரம் இதுதான். 1969 அக்டோபர் 29-ந் தேதி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள ஒரு சர்வகலாசாலைக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டான்போர்டிலிருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்கு "லாகின்" என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்துத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மிஷின் படுத்துக்கொண்டது. தெய்வச் செயலானால் படுக்குமா? மனிதச் செயலானதால் படுத்தது; மனிதச் செயலானதால் ஒரு மணி நேரத்தில் எழுப்பியும் விட்டார்கள். 1974-ல் வின்ட் செர்ப், ராபர்ட் கான் என்ற இருவர் வெவ்வேறு கம்ப்யூட்டர் வலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான முறையை எழுதி வெளியிட்டார்கள். 1989-ல் ஸ்விட்சர்லாந்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் இன்று நாம் பக்கம் பக்கமாய்ப் பார்க்கிற வலைத்தளத்திற்கு யோசனை கொடுத்தார். 1993 ஏப்ரல் 30-ந் தேதி அவர் வேலை செய்த செர்ன் ஸ்தாபனம், இதை உலகத்தில் எவரும் கூலி கொடுக்காமல் உபயோகிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. 1995 ஆகஸ்ட் 15-ந் தேதி வி.எஸ்.என்.எல். மூலம் அது நமது நாட்டுப் பொது ஜனங்களுக்கு வந்தது.

அது வானத்திலிருந்து இறங்கி வருவதாகவும் அனேகர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் டவருக்கும் கைப்போனுக்கும் நடுவிலுள்ள கடைசித் துண்டுதான் காற்றில் வருகிறது. மற்றதில் பெரும்பங்கு தரைக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் போட்ட கண்ணாடி இழைக் கம்பி. சென்னையிலிருந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் கடலடியில் கம்பி போட்டு 2020 ஆகஸ்ட்டில் திறந்து வைத்தார்கள். கப்பலில் கம்பியை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் இறக்கினவன் மனிதன். கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்றது நம் சாஸ்திரம். இப்பொழுது சாஸ்திரிகளின் பஞ்சாங்கமே கடலைத் தாண்டிப் போய்த்தான் அவர்கள் போனுக்குத் திரும்பி வருகிறது!

செர்ன் செய்ததையும் நம் முன்னோர் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் கண்டதை உலகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நம்மவர்களோ, வேதத்தை ஒரு சூத்திரன் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றவேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதி வைத்தார்கள். காதைத் திறந்து வைக்கச் சொன்னவன் இன்டர்நெட்டைக் கண்டுபிடிப்பானா, காதில் ஈயம் ஊற்றச் சொன்னவன் கண்டுபிடிப்பானா?

இதே ஏனாத்தூரில் காஞ்சி சங்கர மடத்தார் 1993-ல் ஏற்படுத்திய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சமஸ்கிருதமும் உண்டு, கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்கும் உண்டு. மடமே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும்படி காலம் மாறினதில் நமக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான். ஆனால் காலத்தை மாற்றினது எது? வேதமா? எல்லோருக்கும் படிப்பு வேண்டும் என்று நடந்த போராட்டமும், அதன் பலனாய் வந்த சட்டமும்தானே! 1925-ல் இதே காஞ்சிபுரத்தில்தான், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்காத காங்கிரஸ் மாநாட்டிலிருந்து தந்தை பெரியார் வெளியேறினார். அன்று கதவைத் தட்டினவர்கள் இல்லாவிட்டால், இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நெசவாளி மகன் எங்கே உட்கார்ந்திருப்பான்?

தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பாட்டன்

நெசவாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் படித்தவன் சமாசாரம், தறிக்காரனுக்கு எதற்கு?" என்று சொல்லாதீர்கள். உங்கள் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை நிமிர்ந்து பாருங்கள். துளை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து திரும்புகின்றன. துளை இருந்தால் அந்த இழை மேலே எழும்புகிறது. துளை இல்லாவிட்டால் எழும்பாது. "உண்டு, இல்லை" என்ற இந்த இரண்டே பேச்சில் முந்தானையில் மயிலும் மாங்காயும் வந்துவிடுகின்றன. இந்தப் பெட்டியை 1804-ல் பிரான்சு தேசத்து லியோன் பட்டணத்தில் ஜோசப் மரீ ஜக்கார்டு செய்து முடித்தார். அவர் ஒரு பட்டு நெசவாளியின் மகன்.

அந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் கணக்குப் போடும் மிஷினுக்குத் திட்டம் போட்டார். ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையைக் கொண்டே 1890-ல் அமெரிக்க ஜனத்தொகையை எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி சேர்ந்து வளர்ந்ததுதான் ஐ.பி.எம். இன்றைக்கும் கம்ப்யூட்டருக்குள் ஓடுவது "உண்டு, இல்லை" என்கிற அதே இரண்டு பேச்சுத்தான். அதை 1 என்றும் 0 என்றும் எழுதுகிறார்கள். ஆகவே கம்ப்யூட்டரின் பாட்டன் உங்கள் வீட்டில், உங்கள் தலைக்குமேல், தினமும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறான். பேரனைக் கண்டு நீங்கள் பயப்படுவதா? பேரனுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவதா? அது சரஸ்வதியின் சொத்து அல்ல, நெசவாளியின் சொத்து.

போனில் வந்தால் மெய்யா?

இரண்டாவது அபிப்பிராயம் உயிரையே வாங்கக்கூடியது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்டர்நெட் நம் நாட்டுக்கு வந்து 37-வது நாள், அதாவது 1995 செப்டம்பர் 21-ந் தேதி, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற புரளி டில்லியில் கிளம்பி, டெலிபோன் மூலமாகவே ஒரே நாளில் நாடு முழுவதும் பரவி, கடல் கடந்தும் போயிற்று. படித்தவனும் படியாதவனும் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். சர்க்கார் விஞ்ஞானிகள் வந்து சாயம் கலந்த பாலைக் கரண்டியில் கொடுத்துப் பார்த்தார்கள். பால் கல்லைத் தொட்டதும் மேல்பரப்பின் இழுப்பினால் கரண்டியை விட்டு ஏறி, மெல்லிய படலமாய்ச் சிலையின்மேல் வழிந்து ஓடுவது சாயத்தினால் வெட்டவெளிச்சமாயிற்று. டெலிபோன் என்ன செய்யும்? அதைக் கண்டுபிடித்தவன் அறிவை அனுப்பச் சொல்லிக் கொடுத்தான். நாம் பிள்ளையாருக்குப் பால் அனுப்பினோம்!

2020 மார்ச்சு 22-ந் தேதி கொரோனா காலத்தில், வைத்தியத் தொழிலாளிகளுக்கு நன்றி காட்டக் கை தட்டச் சொன்னார்கள். உடனே வாட்ஸ்அப்பில், தட்டுகிற ஓசையின் அதிர்வினால் கிருமி செத்துப்போகும் என்று ஒரு சேதி கிளம்பிற்று. அப்படி ஒன்றும் சாகாது என்று சர்க்காரின் பத்திரிகைத் தகவல் இலாகாவே மறுத்துச் சொல்லவேண்டி வந்தது. 2021-ல் 5ஜி டவரினால்தான் கொரோனா வருகிறது என்று இன்னொரு புரளி. அப்பொழுது நமது நாட்டில் 5ஜி ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பித்தது 2022 அக்டோபர் 1-ந் தேதி. பிறக்காத பிள்ளைமேல் கொலைக் குற்றம் சாட்டுவதற்கு நம்மவர்களைத் தவிர யாரால் முடியும்!

இவைகளெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லுகிறோம். 2018 மே மாதம், வடநாட்டுக் கும்பல்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கின்றன என்று வட மாவட்டங்களெல்லாம் வாட்ஸ்அப் சேதி பறந்தது. மே 9-ந் தேதி, நமக்கு அதிக தூரமில்லாத போளூரை அடுத்த அத்திமூருக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு காரில் வந்தது. அதில் 65 வயதான ஓர் அம்மாள் தெருவில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று ஒரு கூச்சல், கூட்டம் கூடிற்று, அடித்தார்கள், அந்த அம்மாள் செத்தார், கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிவந்த பிள்ளை பிடிக்கும் வீடியோ ஒன்று, பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரப் படம். அதன் கடைசியிலிருந்த அறிவிப்பை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்!

அந்த அம்மாளைக் கொன்றது இன்டர்நெட் என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பொய்யைக் கொண்டுவந்தது போன்; நம்பினது மூளை; அடித்தது கை. கேள்வி கேட்காமல் நம்புவதே பக்தி, பெரியவர்கள் சொன்னால் சரியாய்த்தானிருக்கும் என்று சிறு வயது முதல் பழக்கப்பட்ட மூளை, வாட்ஸ்அப்புக்கு மாத்திரம் திடீரென்று கேள்வி கேட்குமா? தலபுராணத்தை நம்பினவன் போன் புராணத்தையும் நம்புகிறான். அந்தக் குடும்பத்தின் குலதெய்வம் அந்த ஊரில்தானே இருந்தது? தன்னைத் தேடி வந்த கிழவியை அது காப்பாற்றிற்றா? மனிதன்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். கூட்டத்தில் ஒரே ஒருவன், "யார் சொன்னது? எந்த ஊரில் யார் பிள்ளை காணாமல் போயிற்று? போலீசில் கேட்டாயா?" என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். பகுத்தறிவு என்பது மேடைப் பேச்சு அல்ல, தோழர்களே. அது உயிர் காக்கிற மருந்து. இந்தக் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு சேதியை ஒரே தடவையில் 5 பேருக்குமேல் தள்ளி அனுப்ப முடியாதபடி செய்தது. கம்பெனி விரலைக் கட்டலாம். மூளையை நாம்தான் அவிழ்த்துவிட வேண்டும்.

பயத்தை விற்கிற இன்னொரு கூட்டமும் போனில் வருகிறது. போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வீடியோவில் தோன்றி, "உன் பேரில் கேஸ் இருக்கிறது, உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், எழுந்திருக்காதே, யாரிடமும் சொல்லாதே, பணத்தை அனுப்பு" என்கிறான். பென்ஷன் வாங்கினவர்களும் பட்டம் பெற்றவர்களும் அனுப்பிவிடுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே ரேடியோவில் சொல்லவேண்டியதாயிற்று. இந்த மோசடி நமக்குப் புதிதா? "உனக்குச் சனி பிடித்திருக்கிறது, கேள்வி கேட்காதே, பரிகாரத்துக்குப் பணம் வை" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்ணுக்குத் தெரியாத கேஸ், கண்ணுக்குத் தெரியாத கிரகம். இரண்டுக்கும் அபராதம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ரூபாய். ஒரு வித்தியாசம் உண்டு. போனில் ஏமாந்தவன் 1930 என்ற நம்பருக்கு உடனே புகார் சொல்லலாம். பரிகாரத்தில் ஏமாந்தவனுக்கு எந்த நம்பரும் இல்லை.

பெண்ணும் போனும்

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் போனில் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒருவர் வந்து, "வயசுப் பெண்ணுக்குப் போன் எதற்கு?" என்று ஒரு வார்த்தை போட்டார். அன்றே போன் பறிபோயிற்று. போனைப் பறித்த தகப்பனார் அதே போனில் ராசிபலனும் சூது விளையாட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது குடும்பத்தைக் கெடுக்காதாம்! "அவள் கெட்டுப்போவாள் என்று பயப்படுகிறீர்களே, நீங்கள் கெட்டுப்போகவில்லையா?" என்று நாம் கேட்டோம். "ஆம்பிளை சமாசாரம் வேறு, அண்ணா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் மனுதர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பயத்தின் உண்மைக் காரணத்தை வேறொரு ஊரார் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். 2019 ஜூலையில் குஜராத்தில் பனஸ்காந்தா மாவட்டத்தில் 12 கிராமத்துச் சாதித் தலைவர்கள் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே கூட்டத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டால் அபராதம் என்றும் தீர்மானம் போட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், சூட்சுமம் விளங்கும். அவர்கள் காக்க நினைத்தது பெண்ணை அல்ல, சாதியை. பெண்ணின் கையில் போன் இருந்தால் அவள் தன் மனதுக்குப் பிடித்தவனிடம் பேசிவிடுவாள். பேசினால் சாதியின் வேலி ஓட்டையாகிவிடும். முன்னே படிப்பைப் பூட்டினார்கள், பிறகு வாசற்கதவைப் பூட்டினார்கள், இப்பொழுது போனைப் பூட்டுகிறார்கள். சாவி மாத்திரம் எப்பொழுதும் ஆண்பிள்ளை இடுப்பில்!

நம் பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டுக்கு அருகே ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில், மாலை 6 மணி முதல் 10 மணி வரையில் போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒரு மாணவி மறுத்தாள், விடுதியிலிருந்து தள்ளினார்கள், அவள் ஹைக்கோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பரில் கோர்ட்டு, இன்டர்நெட்டை உபயோகிப்பது படிக்கும் உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லி, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் செய்தது. நியாயம் அந்தப் பெண் பக்கம் இருக்கிறது. ஆனால் நாடு எந்தப் பக்கம் இருக்கிறது? 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் எப்பொழுதாவது இன்டர்நெட்டைத் தொட்டுப் பார்த்த ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர். மூன்றில் இரண்டு பெண்கள் தொட்டதேயில்லை! இதற்குக் கம்பி போதாமை மாத்திரம் காரணமென்றால் ஒரே வீட்டிலிருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் ஏன் வருகிறது? கம்பி வீட்டுக்குள் வந்துவிட்டது. தாலி அதை மறித்துக்கொண்டு நிற்கிறது.

போனில் ஆபாசமும் அயோக்கியத்தனமும் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. தெருவிலும் இருக்கிறது, கோயில் கோபுரத்திலும் இருக்கிறது. அதற்காகப் பெண்ணைப் பூட்டுவதா, அயோக்கியனைப் பூட்டுவதா? ஆபத்தைச் சொல்லிக்கொடுத்துக் கருவியைக் கையில் கொடுப்பதுதான் தகப்பன் செய்யத்தக்கது.

சும்மா கொடுக்கிறானா?

நான்காவது அபிப்பிராயம் வெள்ளைமனமுடையது, ஆனாலும் நஷ்டமுடையது. 2016-க்குப் பிறகு இன்டர்நெட் விலை மளமளவென்று இறங்கினது உண்மைதான். ஏழைகள் கையிலும் அது வந்தது நல்லதுதான். ஆனால் வியாபாரி சும்மா கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா? எல்லோரும் பழகினபின், 2024 ஜூலையில் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கட்டணத்தை ஏற்றிவிட்டன. பேஸ்புக் கம்பெனி, ஏழைகளுக்கு இனாம் என்று சொல்லித் தான் பொறுக்கி எடுத்த சில தளங்களை மாத்திரம் காட்டும் ஒரு திட்டத்தோடு வந்தது. தளத்துக்குத் தளம் வெவ்வேறு விலை வைக்கக்கூடாது என்று 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டபின் அது நின்றது. இனாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து, வாசலை மூடுகிற தந்திரம் அது. கோயிலில் தர்ம தரிசனம் என்று வைத்துக் கட்டண வரிசையை முன்னே விடுவது தெரிந்த காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வியாபாரி விலையில் பிடிக்கிறான். சர்க்கார் பித்தானில் பிடிக்கிறது. 2018 மே 22-ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராய் நின்ற ஜனங்களைப் போலீசார் சுட்டு 13 பேர் மாண்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்ட்டில் நிறுத்தினதில், 4ஜி வேகம் முழுதும் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். காலவரையின்றி நிறுத்தக்கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிடவேண்டும் என்று 2020 ஜனவரி 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அழுகிறவன் குரல் வெளியே கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்துவது பழைய பண்ணையார் வழக்கம்.

ஆதலால் இது கம்பெனியின் தர்மமும் அல்ல, சர்க்காரின் பிச்சையும் அல்ல. குடிதண்ணீரைப் போலக் கேட்டு வாங்கவேண்டிய உரிமை. ரேஷன் கார்டு முதல் முதியோர் பென்ஷன் வரையில் எல்லாவற்றுக்கும் இன்று போன் நம்பர் கேட்கிறார்கள். அப்படியானால் அந்த வழியும் எல்லோருக்கும் இருக்கவேண்டாமா? கேரள சர்க்கார் 2023 ஜூனில் சொந்தக் கம்பி வலையைத் திறந்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இனாமாய்க் கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவது திட்டம். அது பஞ்சாயத்து ஆபீஸ் அலமாரியில் நின்றுவிடாமல் காலனித் தெருவின் கடைசி வீடு வரைக்கும் வருகிறதா என்று கிராம சபையில் எழுந்து கேட்கவேண்டியது உங்கள் வேலை.

நாம் செய்யவேண்டியது

நமது இயக்கத்துக்கு இந்தக் கருவி விரோதியல்ல. 1940-களிலேயே பெரியார் "இனிவரும் உலகம்" என்று சொன்னபோது, கம்பியில்லாத் தந்தி ஒவ்வொருவன் பையிலும் கிடக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தூரத்திலிருந்து பேசலாம், ஓரிடத்திலிருந்தே பல ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று சொல்லிவைத்தார். எந்த ஜோசியத்தைப் பார்த்துச் சொன்னார்? மனித அறிவின் போக்கைப் பார்த்துச் சொன்னார். 1935-ல் "குடி அரசு" பத்திரிகையில் அவர் எழுத்தைச் சீர்திருத்தினபோது, அச்சுக்கோக்கிறவனுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் பாரம் குறையவேண்டும் என்றார். தமிழ் கெட்டது என்று பண்டிதர்கள் கூச்சல் போட்டார்கள். 1978-ல் தமிழ்நாட்டு சர்க்காரே அந்த எழுத்தை எடுத்துக்கொண்டது. இன்று அந்தப் பண்டிதர்களின் பேரன்மார் போனில் தமிழ் அடிப்பது அந்தச் சீர்திருத்தின எழுத்தில்தான்!

ஆகவே தோழர்களே! காரியம் நான்கு.

1. எந்தச் சேதி வந்தாலும், யார் சொன்னது, எப்பொழுது, எங்கே என்று மூன்று கேள்வி கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். தகப்பனார் அனுப்பினாலும் கேளுங்கள்; நமது இயக்கத் தோழர் அனுப்பினாலும் கேளுங்கள். நமக்குச் சாதகமான பொய்யும் பொய்தான்.

2. வீட்டுப் பெண்களுக்கு அவர்கள் பேரிலேயே போனும் நம்பரும் வாங்கிக் கொடுங்கள். திறக்கும் எண்ணைக் கேட்காதீர்கள்.

3. படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் ஊர் நூலகத்திலோ தறிக்கூடத்துத் திண்ணையிலோ உட்கார்ந்து, பெரியவர்களுக்குப் பணம் அனுப்பும் விதத்தையும் ஏமாறாமலிருக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு கிழவியின் பென்ஷனைக் காப்பாற்றுவது ஆயிரம் கும்பாபிஷேகத்துக்கு மேலான காரியம்.

4. கம்ப்யூட்டருக்குப் பூஜை போடுவதை நிறுத்துங்கள். தூசி தட்டுங்கள், அதுதான் அதற்கு வேண்டியது. பழுது பார்க்கும் பையனுக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

எலுமிச்சம்பழத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்து வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. பிழிந்து, சர்க்கரை போட்டுக் குடியுங்கள். பையனுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.

— ஓர் ஏனாத்தூரான்